பாதம் வைத்த கார்

காஞ்சிபுரத்தில் அவரை எல்லாரும் ‘குண்டான் அந்தோணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பெரிய காஞ்சிபுரத்தில் கொட்டகை போட்டு, வாசலில் ‘கார் டிங்கரிங்’ என்று தன் கையாலேயே பலகை எழுதி மாட்டியிருந்தார். வந்த வேலையெல்லாம் பட்டுக்குச் சாயம் காய்ச்சுகிற குண்டான்களின் ஓட்டையும் ஒடுக்கும்தான். ஒரு கார் வந்தாலல்லவா கார் அந்தோணி ஆகமுடியும்?

1968 ஆவணியில் அந்த ஒரு கார் வந்தது. சின்னக் காஞ்சிபுரம் ராஜகோபால ஐயங்காருடையது. மேல்கூரை மடங்குகிற பழைய திறந்த கார். எந்தக் கம்பெனி என்று சொல்லும் எழுத்துகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. ஐயங்காரின் மகள் நாமகிரிக்குக் கல்யாணம். முந்தின சாயங்காலம் ஜானவாசத்துக்கு மாப்பிள்ளை அதில்தான் ஊர்வலம் வரவேண்டும். ஆனால் ரேடியேட்டருக்கு அடியில் இருந்த குறுக்குச் சட்டம் துருவேறி உளுத்துப்போய், பானெட், மட்கார்டுகள், விளக்குகள் எல்லாமே ஒன்றாக முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. விளக்கைப் போட்டால் வெளிச்சம் பம்பரின் காலடியிலேயே விழுந்தது.

“யாரோ திட்டின மாதிரி தலையைத் தொங்கப் போட்டுண்டு நிக்கறது பார். சம்பந்தியாத்துக்காரா வரச்சே நிமிர்ந்து நிக்கணும்” என்றார் ஐயங்கார்.

“நிக்கும் சாமி. என் பேரே இதுல இருக்குது.”

அந்தோணி ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். தடித்த இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து, காரின் மூக்குக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தொட்டில் மாதிரி மாட்டினார். ஜாக்கியை எடுத்ததும் மூக்கு பழையபடி தொங்கியது. மறுபடி தூக்கினார், தொங்கியது. தட்டினார், முறுக்கினார், கெஞ்சினார்கூட. கடைசியில் வளைவின் நட்டநடுவிலிருந்து கீழே சேஸிஸுக்கு ஒரு குட்டைக் கால் வைத்து போல்ட் போட்டார். ஜாக்கியை எடுத்தார். மூக்கு அப்படியே நின்றது. தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சந்தோஷத்தில் பட்டைக்கும் காலுக்கும் பளிச்சென்று வெள்ளை அடித்தார். கிரில்லின் நடுக்கம்பி துருவாக இருந்ததால் அதற்கு மட்டும் சிவப்பு ரெட் ஆக்சைடு பூசினார்.

காரை எடுக்க வந்தவர் டிரைவர் மயில்வாகனம். முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை.

“இன்னாண்ணா, ஐயங்காருக்கே நாமம் போட்டுட்டியா?”

“நான் யாரையும் ஏமாத்தல மயிலு. நல்ல இரும்பு.”

“அது இல்லண்ணா. காருக்குப் போட்டுக்கிறியே, அத்த சொல்றேன்.”

“அது பட்டைபா.”

“பட்டையில்ல. நல்லாப் பாரு, நாமம். அதுவும் தென்கலை.”

வடகலை நாமம் வெறும் வளைவு. தென்கலை நாமத்துக்கு மட்டும் வளைவுக்குக் கீழே மூக்கின் மேல் ஒரு பாதம் இறங்கும். அந்த ஒரு பாதத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் சின்னக் காஞ்சிபுரத்தில் உண்டு. ஐயங்கார் வடகலை. சம்பந்தி அதைவிட வடகலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அந்தோணி, தினமும் பார்த்த நெற்றிகளில் பாதத்தை மட்டும் கவனிக்கவில்லை.

கொட்டகைக்கே வந்து பார்த்த ஐயங்கார் கார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பாதத்தை எடுத்துடு.”

“எடுத்தா மூக்கு தொங்கும் சாமி.”

“எடுக்கலேன்னா என் மூக்கு அறுந்துடும்டா.”

“ஓரத்துல ரெண்டு கால் வச்சிடட்டா?”

“ரெண்டு பாதம் எந்தக் கலை? மூணாவதா ஒண்ணு ஆரம்பிக்கறயா?”

கறுப்பு அடித்தார்கள். கறுப்பு நாமம் ஆனது. கடைசியில் மல்லிகைச் சரத்தால் மொத்தமாக மூடிவிட்டார்கள். ஆனால் விஷயம் அதற்குள் மயில்வாகனத்தின் வாய் வழியாக ஊரெல்லாம் போயிருந்தது. ஜானவாசத்தன்று கோயில் வாசலில் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்களைவிடப் பூவுக்கு அடியில் குனிந்து பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். மாப்பிள்ளையின் மாமா சக்ரவர்த்தி குடைநுனியால் பூவை விலக்கினார். நாதஸ்வரம் நின்றது.

“இதை எடுத்தப்புறம்தான் பையன் ஏறுவான்.”

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் முதல் காரைப் பார்க்க வந்திருந்த அந்தோணி, பையிலிருந்து ஸ்பானரை எடுத்து போல்ட்டைக் கழற்றினார். மூக்கு தொப்பென்று இறங்கியது. கூட்டத்தில் யாரோ, “குண்டான் அடிக்கிறவன்கிட்ட காரைக் குடுத்தா இப்படித்தாம்பா” என்றார்.

அந்தோணி தோள் துண்டை நாலாக மடித்துப் பட்டைக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மயிலு, ஃபர்ஸ்ட் கியரு. பிரேக்கு மேல காலு இருக்கட்டும்.”

மாப்பிள்ளை ஏறினார். மேளம் ஆரம்பித்தது. கார் முன்னால் வர, அந்தோணி அதைத் தாங்கியபடி பின்னோக்கி நடந்தார். “ண்ணா, பின்னால மாடு.” “ண்ணா, சாணி.” மயில்வாகனம் வழி சொல்லிக்கொண்டே வந்தார். விளக்குகள் அந்தோணியின் முகத்திலேயே அடித்தன.

எதிர்வரிசையில் நின்ற ஒரு தென்கலைக்காரர் விடவில்லை. “சக்ரவர்த்தி, நடுவுல இப்பவும் ஒரு பாதம் தெரியறதே.”

“அது மனுஷன். அதுவும் கிறிஸ்தவன். கணக்குல வராது” என்றார் சக்ரவர்த்தி, திரும்பிப் பார்க்காமல்.

மண்டபத்து வாசலில் கார் நின்றபோது அந்தோணியால் விரலை விரிக்க முடியவில்லை. மாப்பிள்ளையே இறங்கி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்த வாரம் கொட்டகைக்கு இன்னொரு கார் வந்தது. அந்தத் தென்கலைக்காரருடையது. அதன் மூக்கும் தொங்கித்தான் இருந்தது. “எனக்குப் பாதத்தோடயே வெச்சுக் குடு. வெள்ளையும் அடிச்சுடு” என்றார்.

“சரி சாமி. கடை எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“தெருமுனையில கேட்டேன். கார்தூக்கி அந்தோணி கடைதானேன்னு கையைக் காட்டினா.”

உள்ளே இருந்து அந்தோணியின் மனைவி தையல்நாயகி, “மனுஷனுக்கு வைக்கிற பேரா இது?” என்று முணுமுணுத்தார்.

அந்தோணி ஏற்கெனவே பானெட்டைத் திறந்துவிட்டிருந்தார். “கார்னு வருதில்ல. வுடு.”