செருப்பில் ஈடுபாடு உள்ள டாக்டர்

எங்கள் தேயிலை மலைக்குக் கீழே, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் இடத்துச் சுவர் முழுக்க டாக்டர்களின் படங்கள் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவருக்கு எதில் ஈடுபாடு, எதில் ஆராய்ச்சி என்று போட்டிருப்பார்கள். ஒருவருக்குக் கண் நரம்பு, ஒருவருக்குச் சிறுநீரகம், இன்னொருவருக்கு ரத்தக்குழாய். என் மனைவியின் இனிப்புநீர் வியாதிக்காக அவர்கள் எல்லாரிடமும் ஏறி இறங்கிவிட்டோம். அவளை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள் என்று எனக்கு எரிச்சல். முழு ஆள்மேல் ஈடுபாடு என்று யாருமே போடவில்லையே என்றேன். "அது உங்க வேலைதான்லா" என்றாள் அவள்.

அப்போது அவளுக்கு வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், ஆறவே இல்லை. பாதம் மரத்துப்போயிருந்ததால் வலியும் இல்லை. வலி இல்லாததை நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னபோதுதான் அது கெட்ட சேதி என்று புரிந்தது. விரல் இல்லாமல் தேயிலைச் சரிவில் அவள் எப்படிக் காலூன்றிக் கொழுந்து பறிப்பாள்?

கடைசியாக ஒரு மலாய்க்கார டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் படத்துக்குக் கீழே, பாதப் புண்ணும் காலணியும் என்று இருந்தது. செருப்பை ஆராய்ச்சி பண்ணவா இவ்வளவு படிப்பு என்று நான் முணுமுணுத்தேன்.

அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, "போட்டுட்டு வந்த செருப்பு எங்கே?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் எஸ்டேட்டில் கோயில், துரை ஆபீஸ், டாக்டர் ரூம் எல்லாவற்றுக்கும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவதுதான் வழக்கம். வெளியே கிடக்கிறது என்று கை காட்டினேன். அவர் எழுந்து போய், நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் செருப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நடந்த செருப்பே இல்லையே" என்றார்.

உண்மைதான். அது தீபாவளிக்கு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும் போடுவாள். மலையில் போடும் ரப்பர் பூட்ஸை அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார்.

"அந்தக் கண்றாவியையா? மானம் போயிரும்" என்று வழி முழுக்கப் புலம்பினாள். அடுத்த முறை கிளம்புவதற்கு முன்னால் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கல்யாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவதுபோல் பையில் சுற்றி எடுத்து வந்தாள்.

டாக்டரம்மா பூட்ஸுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். பெருவிரல் வரும் இடத்தில் உள்துணி கிழிந்து, சுருண்டு, புளியங்கொட்டைபோல் இறுகிக் கிடந்தது. தினமும் அதன்மேல்தான் அவள் மலை ஏறியிருக்கிறாள். அவள் அழுதாள், ஆனால் புண்ணுக்காக இல்லை. "என் பூட்ஸுக்குள்ள கை விட்டுட்டாங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நீண்ட விடுப்பும் மெத்தென்ற காலணியும் கொடுத்தார்கள். புண் மெல்ல மூடியது. விரல் தப்பியது. புது பூட்ஸோடு வேலைக்குத் திரும்பும்போது டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: கால் வைப்பதற்கு முன் தினமும் கை விட்டுப் பார்க்க வேண்டும்.

காலையில் அவளுக்கு ஏது நேரம்? அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "பொண்டாட்டி பூட்ஸ புருஷன் தொடுறதா? லைன்ல யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்பாள். எங்கள் லைன் வீடுகள் ஒட்டினாற்போல் ஒரே வரிசையில் இருப்பதால், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்க்க விடுவாள்.

போன வாரம் ஒரு நாள் மழை. பக்கத்து ஊர் திரிங்காப்புக்குப் போய்க் காய்கறி ஏற்ற வேண்டிய அவசரத்தில், பூட்ஸைப் பார்க்க மறந்துபோய், நான் ஓட்டும் லோரியைக் கிளப்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், அவள் பூட்ஸ் இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்தபடி, காலுறையோடு வாசற்படியில் நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் வேலைக்குக் கிளம்பி வெளியே நின்றிருந்தார்கள்.

"ஏங்க," என்று லைனுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள், "கை விட்டுப் பாக்காமப் போறீங்களே."