பி சைடின் கடைசிப் பாட்டு

இன்று வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பழைய இங்கிலீஷ் ராக் பாட்டை முணுமுணுத்தார். அந்த பேண்டின் ரசிகர்களே கண்டுகொள்ளாத பாட்டு. எண்பதுகளில் கேசட்டில் கேட்டதிலிருந்து, அது பிடித்த ஒரே ஆள் நான்தான் என்றிருந்தேன்.

கிடார் ஏறும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"நீங்க ஆம்பூரா?" என்றேன்.

"ஆமா, எப்டி தெரியும்?"

"நம்ம ஊரு பஜார் கடைல பதிஞ்சு குடுத்த கேசட்டுல பி சைடு கடைசிப் பாட்டு இது. டேப் அங்கதான் முடிஞ்சிடும்."

என்னையே பார்த்தார்.

"அப்பாடா. இன்னா பாட்டுடா இதுன்னு தோஸ்துங்க சிரிப்பானுங்க. என் காதுதான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எனக்கும் அதே நிம்மதி.

முழுப் பாட்டு போனிலேயே கிடைக்கும். இருவரும் தேடவில்லை.

அதே இடத்தில் நிறுத்துகிறவர்கள் கை தூக்குங்கள். பாட்டின் முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து சும்மா இருங்கள்.