சங்கரன்கோவிலில் பிறந்த வேல்ஸ்காரர்

எங்கள் குடும்பத்தில் ஒரு வேல்ஸ்காரர் உண்டு. மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்தவர். பிறந்தது சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில். உறவுமுறையில் என் அம்மாவின் தம்பி. எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருடா வருடம் ஒரு நாடகம் போடுவார்கள். அதில் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்து, எங்கள் பக்கத்துக் காய்ச்சலில் இறந்துபோகும் மிஷனரி வேஷம் மாமாவுடையது. யாராவது வாய் தவறி "இங்கிலீஷ்காரர்" என்றுவிட்டால், கல்யாண வீடு என்றும் பார்க்க மாட்டார், துக்க வீடு என்றும் பார்க்க மாட்டார், "வேல்ஸ்" என்று திருத்துவார். அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு "மேக்க" என்றார். எங்களுக்கு மேற்கே சிவகிரி, அதைத் தாண்டினால் மலை. வேல்ஸ் அந்த மலைக்குப் பின்னால் இருக்கிறது என்று ஹைஸ்கூல் வரை நம்பிக்கொண்டிருந்தேன். பூகோளத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மாமாவே காரணம்.

நாடகம் முடிந்தால்தான் அசனம், அதாவது சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. மிஷனரி செத்தால்தான் நாடகம் முடியும். மாமாவோ லேசில் சாக மாட்டார். தலை சாய்ந்துவிட்டது என்று ஜனங்கள் எழுந்து கை கழுவப் போகும்போது மறுபடியும் கண்ணைத் திறந்து ஜெபிக்க ஆரம்பிப்பார். ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து, "வே, சீக்கிரம் போய்ச் சேரும். சோறு ஆறுது" என்று ஒரு குரல் வந்தது. மாமா அதற்கும் ஒரு இருமலைச் சேர்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குச் சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வேஷம் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. கலெக்டர் துரைக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னத் துரை. கைதி ஒருவனைக் காட்டி ஒரே வசனம்: "இவனை விட்டுவிடுங்கள். நான் பொறுப்பு." நடித்துவிட்டு ஊருக்கு வந்தவர் குளிக்கும்போதும் அதையே சொன்னார், இட்லிக்குச் சட்னி கேட்கும்போதும் அதே தோரணையில் கேட்டார். என்ன துரை என்று விசாரித்தவர்களிடம் அந்தத் துரையும் வேல்ஸ்தான் என்றார். கதை எழுதியவருக்கு இந்தச் சங்கதி தெரியுமோ என்னவோ.

தாத்தாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அவருக்கு ஜவுளிக்கடை, மகன் கல்லாவில் உட்கார வேண்டும். கடைசியில் எல்லோர் முன்னாலும் ஒரு முடிவு சொன்னார்: "டிவில உன் மூஞ்சி வரட்டும், நீ மெட்ராஸுக்குப் போ. வரலன்னா நாளைலருந்து கடையத் திறக்குத வேல உனக்கு." மாமா சரி என்றார்.

ஒளிபரப்பாகும் அன்று சாயங்காலம் வீடு நிறையக் கூட்டம். ஆன்டெனாவை எந்நேரமும் யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் படம் போய் இலங்கைக்காரர் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார். பையன்கள் எல்லோரும் முன்வரிசையைப் பிடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாடிக்கு அனுப்பப்பட்டது நான். எனக்குப் பத்து வயது. மாமாவின் வசனத்தை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"தெரியுதா?" என்று கத்துவேன். "ஏட்டி, ஆட்டாத. அப்படியே பிடி" என்று முற்றத்திலிருந்து அம்மா கத்துவாள். அன்று எனக்குக் கிடைத்த நாடகம் இந்த இரண்டு வசனம்தான். கீழே திடீரென்று சத்தமே இல்லை. அப்புறம் தாத்தாவின் குரல் ஏதோ சொல்வது கேட்டது. உடனே கைதட்டல்.

முடிந்துவிட்டது. ஆளாளுக்கு "பாத்தேன், பாத்தேன்" என்கிறார்கள். மீசை நன்றாக இருந்ததாம். தொப்பிதான் கொஞ்சம் பெரிதாம். வசனம் பேசினாரா என்று மேலிருந்து கேட்டால் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கீழே இறங்க மாட்டேன் என்று ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மாமாதான் மேலே வந்தார். ஊரே பாராட்டிய மனிதரின் முகமாக இல்லை அது.

"நீ பாக்கலியா?"

"எப்படிப் பாக்க? எல்லாரும் பாத்திட்டாவ. நான் மட்டுந்தான் பாக்கல."

"சரி, அழாத. இந்தா, உனக்கு நடிச்சுக் காட்டுதேன்."

தண்ணீர்த் தொட்டியைக் கலெக்டராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கைதி நான். மிஷனரியை அத்தனை நேரம் சாகடித்தவர் இதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். இருமல் இல்லை, ஜெபம் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. முடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டு, பரீட்சைத் தாளை நீட்டிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

"டிவில பாத்த மாதிரி வராது மாமா" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த வாரமே சென்னைக்குப் பஸ் ஏறினார். முப்பது வருடத்துக்கும் மேலாக டாக்டராகவும் நீதிபதியாகவும் கல்யாணப் பெண்ணின் பெரியப்பாவாகவும் வந்துகொண்டிருக்கிறார். அநேகமாக உட்கார்ந்தபடி.

போன மாதம் யாரோ புண்ணியவான் அந்தப் பழைய தொடரை இணையத்தில் ஏற்றியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கலெக்டர் வருகிறார், கைதி வருகிறான், விடுதலையும் ஆகிறான். மாமா இல்லை. அவர் பேசிய இடத்தையே வெட்டியிருந்தார்கள். மீசை வைத்த துரைகள் நாலைந்து பேர் தூரத்தில் குதிரையில் போகிறார்கள். அதில் ஒருவருக்கும் மாமாவின் மூக்கு இல்லை.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அது எல்லாருக்கும் தெரியுமே" என்றாள், காய்கறி விலை சொல்வது போல. "படம் முடியப் போவுது, இவனக் காணல. எங்கப்பா இவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாவ. பொறவு டிவியப் பாத்து, அந்தா குதிரைல போறான் பாருன்னாவ. அவுகளே சொன்னப்புறம் நாங்க என்ன சொல்ல?"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ சின்னப் பிள்ள. ஊரெல்லாம் சொல்லிருவ."

இத்தனை வருடம் நான் பட்ட ஆத்திரத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? மாமாவுக்குக் குதிரை என்றாலே பயம் என்பது தாத்தாவுக்குத் தெரியாதா என்ன. கல்லாவுக்கு ஆள் தேடியவர் அவர்தான். கடைசிவரை கடையைத் திறந்ததும் அவரேதான்.

மாமாவின் அந்த வேஷத்தை இந்த உலகத்தில் பார்த்த ஒரே ஆள் நான். பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன்.