கீழப்பாவூர் சாலையில் எரிந்த வைக்கோல்

ஜூலை மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினோம். வாசலுக்கு வந்ததும் மேற்கே மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. சாரல் முகத்தில் விழுந்தது. என் கணவர் சேதுராமன் நின்று, தயங்காமல் ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டு வருடங்களுக்கு முன் நுரையீரலில் வந்த தொற்று அவருக்கு மூச்சிரைப்பை விட்டுவிட்டுப் போயிருந்தது. புகை, தூசி எது பட்டாலும் மார்பு கீச்சென்று சத்தம் போடும். குற்றாலத்தின் சீசன் காற்றில் நான்கு நாள் இருந்தால் தேறுவார் என்றுதான் திருச்சியிலிருந்து அழைத்து வந்திருந்தேன்.

நான்கு நாளைக்கும் ஒரு காரைப் பேசினோம். ஒரு நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், டீசல் உட்பட. ஓட்டுநர் பெயர் இசக்கிமுத்து, நாற்பது வயதிருக்கும். குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. ஊரைத் தாண்டியதும் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பின்சீட்டில் இவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, இவருக்கு மூச்சு சேராது. வண்டிக்குள்ள வேண்டாமே" என்றேன்.

"ஐயையோ, முதல்லயே சொல்லப்படாதா அக்கா?" என்று பதறி, அப்போதே சிகரெட்டை வெளியே எறிந்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் இருந்த எந்த நேரத்திலும் அவர் வண்டிக்குள் புகைக்கவில்லை. தள்ளிப்போய் நின்று புகைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வருவார். அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சனிக்கிழமை கீழப்பாவூர் நரசிம்மரைப் பார்க்கப் போனோம். தென்காசியிலிருந்து கிழக்கே பாவூர்சத்திரம் போய், அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். குற்றாலத்தில் சாரல் என்றால் இந்தப் பக்கம் வெறும் காற்று. ஆடிக்காற்று மரங்களைக் கிழக்குப் பக்கமாகவே வளைத்துப் பிடித்திருந்தது. கோயிலில் கூட்டம் இல்லை. இவர் பிராகாரத்தை எங்கும் உட்காராமல் சுற்றி வந்தார். அன்று காலை எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனது. சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிதுங்கிய பாரம். அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கார். கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டைகள். அந்தக் கார் ஒலி எழுப்பி வலப்பக்கமாக ஏறி முந்தியது. முந்தும்போதே அதன் இடது முன் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து விரலைச் சுண்டியது. மேல்காற்று அந்தத் துண்டை அப்படியே வாங்கி வைக்கோலுக்குள் சொருகியது. இசக்கிமுத்துவும் பார்த்துவிட்டார்.

"ஏலே, என்னத்தலே செய்தான் அவன்!"

கொஞ்ச தூரத்தில் வைக்கோலின் இடுப்பிலிருந்து மெல்லிய புகை வந்தது. இசக்கிமுத்து ஒலிப்பானை விடாமல் அழுத்தினார். டிராக்டர் ஓட்டியவர் நாங்கள் வழி கேட்கிறோம் என்று நினைத்து, இடது பக்கம் ஒதுங்கி, போங்கள் என்று கையைக் காட்டினார். மறுபடி அழுத்தினால் மறுபடியும் கையைக் காட்டுகிறார், இந்த முறை கோபமாக. இசக்கிமுத்து பக்கத்தில் ஏறி, "அண்ணாச்சி, தீ! வைக்கல்ல தீ!" என்று கத்தினார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் முன்னால் போய்க் காரைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். அதற்குள் ஒரு பக்கம் முழுக்கக் கொழுந்து விட்டிருந்தது.

டிராக்டரில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண் சக்கரத்தின் மேல் தகட்டில் உட்கார்ந்திருந்தாள். குதித்து இறங்கி, பின்னால் திரும்பிப் பார்த்தவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கணவரும் இசக்கிமுத்துவும் டிரெய்லரைக் கோத்திருந்த கம்பியை உருவப் பாடுபட்டார்கள். அது சூட்டில் இறுகியிருந்தது. சுத்தியலால் அடித்து எடுத்து, டிராக்டரை மட்டும் முன்னால் நகர்த்தினார்கள். நாங்கள் வைத்திருந்த குடிநீர் கேன்கள் எந்த மூலைக்குக் காணும்? வயலில் நின்றவர்கள் மோட்டார் போட ஓடினார்கள், கரண்ட் இல்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது டிரெய்லரின் இரும்புச் சட்டமும் எரிந்துகொண்டிருந்த டயர்களும்தான் மிச்சம்.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். வீட்டில் மூன்று கறவை மாடுகள். இனி அடுத்த அறுப்புக்குத்தான் வைக்கோல். அதுவரைக்கும் சேர்த்து வாங்கிய பாரம் அது. டிரெய்லர் வாடகைக்கு எடுத்தது. அவள் கூச்சல் போடவில்லை, யாரையும் ஏசவில்லை. "பீடி குடிச்சியளா?" என்று முதலில் தன் கணவரைத்தான் கேட்டாள். அவருக்கு அந்தப் பழக்கமே இல்லையாம். நடந்ததை நான் சொன்னேன்.

"நம்பரு பாத்தியளாக்கா?"

நாங்கள் பார்க்கவில்லை. நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பின்ன யாருகிட்ட போயி கேக்க?" என்றாள். அவ்வளவுதான்.

காரின் பக்கம் திரும்பினேன். கண்ணாடியை ஏற்றியிருந்தும் புகை உள்ளே போயிருந்தது. இவர் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். உதடு கருத்திருந்தது. இன்ஹேலரை இரண்டு முறை அடித்தும் அடங்கவில்லை. இசக்கிமுத்து கரி அப்பிய கையோடு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்தார்கள். மாலை வரை அங்கேயே இருந்தோம். "என்னம்மா, வந்த இடத்துல இப்படியா?" என்றார் நர்ஸ். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் அறையிலேயே படுத்திருந்தார். "நீயாவது ஒரு குளியல் போட்டுட்டு வா. இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று வற்புறுத்தினார். மனமில்லாமல் ஐந்தருவிக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் அருவி நன்றாகவே விழுந்தது. தண்ணீர் வழிந்து ஓடும் பாறை இடுக்குகளில் ஷாம்பூ உறைகளுக்கு நடுவே சிகரெட்டின் பஞ்சுகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. காலில் ஒன்று ஒட்டிக்கொண்டது. தலையை நனைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேந்திரம் சிப்ஸ் கடைகளைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தில் இசக்கிமுத்து எனக்காகக் காத்திருந்தார். "அக்கா, அங்கன பாருங்க" என்றார். கூரையில் நீலத் தார்ப்பாய். அதே வெள்ளைக் கார்.

முன் இருக்கையின் இடது பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஈரத் தலையோடு இருந்தாள். போய்ச் சொன்னேன். கீழப்பாவூர் சாலை, வைக்கோல், மூன்று மாடுகள், ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், நேத்து அந்தப் பக்கம் வந்தது உண்மைதான். ஆனா அதுலதான் பிடிச்சுதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? வெயில், காத்து, டிராக்டர் புகைக்குழாய்ல பொறி... எத்தனையோ இருக்கு."

"நான் என் கண்ணால பார்த்தேன் சார்."

"பார்த்தீங்க. சரி. நான் வேணும்னேவா போட்டேன்?"

அப்போது அந்தப் பெண் பேசினாள். "அப்பா, நான் அப்பவே சொன்னேன்ல? பின்னாடி புகை வருதுன்னு. நீங்க குப்பை எரிக்கிறாங்கன்னு சொன்னீங்க."

"நீ சும்மா இரு" என்றார் அவர். குரலை உயர்த்தக்கூட இல்லை. என்னிடம் திரும்பி, "குடும்பத்தோட வந்திருக்கோம் மேடம். எங்களை நிம்மதியா விடுங்க" என்று கதவைச் சாத்தினார். கண்ணாடியை ஏற்றினார். சாரல் வலுத்தது. உள்ளே லைட்டர் ஒளி தெரிந்தது. மூடிய வண்டிக்குள் வெள்ளையாகப் புகை பரவியது. அந்தப் பெண் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பழகிப்போன கை அது; எங்கே வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

இசக்கிமுத்து என் பின்னால்தான் நின்றார்.

"நீங்களும் பார்த்தீங்கல்ல? ஏன் தம்பி சும்மா நின்னீங்க?"

"என்னத்தன்னு கேக்கச் சொல்லுதிய? முந்தாநாள் உங்க முன்னாடியே நானும் வெளியதான எறிஞ்சேன். எங்க போயி விழுந்துதுன்னு பாத்தனா? அவன் அதத் திருப்பிக் கேட்டா எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

வண்டி எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பேச்சியம்மாளின் கணவருடைய எண் இசக்கிமுத்துவிடம் இருந்தது. அங்கிருந்தே கூப்பிட்டோம். ஆள் கிடைத்துவிட்டான், போலீஸில் சொல்லலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

"நீங்க நாளைக்கு ரயில் ஏறிருவியக்கா. அவிய அவிய ஊருக்குப் போயிருவாவ. நான்லா ஸ்டேஷனுக்கு அலையணும்? இங்கன மாடு காலையில இருந்து கத்திக்கிட்டு நிக்குது. புல்லறுக்கப் போறேன்" என்றார். ஏசவில்லை. நல்லா இருங்க என்று சொல்லித்தான் வைத்தார்.

அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அதை வைத்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை தென்காசியில் ரயில் ஏறினோம். இசக்கிமுத்து பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, கடைசி நாளுக்குப் பாதிப் பணம் போதும் என்று மல்லுக்கட்டினார். முழுதாகக் கொடுத்தேன். "அண்ணாச்சிய நல்லாப் பாத்துக்கோங்க" என்று இறங்கிப் போனார். கடையநல்லூரைத் தாண்டும் வரை மலை கூடவே வந்தது. மேகமும் பச்சையுமாக, வந்த அன்று பார்த்ததைவிட அழகாகவே இருந்தது.

திருச்சியில் எங்கள் வீடு மாடியில். கீழ்வீட்டுக்காரர் காலையும் மாலையும் வாசலில் நின்று புகைப்பார். அது எங்கள் படுக்கையறைக்குத்தான் ஏறும். சொல்லிப் பார்த்தோம், சிரிப்பார், மறுநாளும் அதே இடத்தில் நிற்பார். அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து இரண்டு வருடமாகிறது. அது அந்த வீட்டின் தொல்லை, அந்த மனிதரின் தொல்லை, கொஞ்சம் தூரம் போனால் தீரும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ராஜபாளையம் நெருங்கும்போது இவர் கண்ணைத் திறந்தார். மார்பில் இன்னும் அந்தக் கீச்சுச் சத்தம் இருந்தது. என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுவதற்காகவே கேட்டார்:

"இந்தத் தடவை இப்படி ஆயிடுச்சு. விடு. அடுத்த வருஷம் வேற எங்கயாவது போகலாம். எங்க போகலாம், சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். மதுரை வரும் வரை யோசித்தேன். ஓர் ஊரின் பெயர்கூட என் வாயில் வரவில்லை.