அடிக்கு ஒரு டாலர்: நியூ ஜெர்சி கரையோரம் படகில் மூன்று இரவுகள்

டெக்ஸாஸில் கேட்டியில் இருக்கும் என் தங்கை மகன் போன மாதம் ஒரு படகு வாங்கினான். முதல் வாரமே தொலைபேசியில் புலம்பல்: "பெரியம்மா, வெளியூர்ல ஒரு நைட் கட்டி வெக்கறதுக்கு என்ன சார்ஜ் பண்றான் தெரியுமா? அநியாயம்!" எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த அநியாயம் எண்பதுகளிலேயே எனக்குப் பழக்கம். அவனுக்காகவும், படகில் ஊர் சுற்ற நினைக்கும் மற்றவர்களுக்காகவும் 1986 ஆகஸ்டில் நாங்கள் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன். விலைகள் அன்றைய விலைகள். இன்றையதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் நான், என் கணவர், பதினைந்து வயது மகள் ஷீலா. கணவர் மயக்க மருந்து டாக்டர். இப்போது அவர் இல்லை. அப்போது பிரிட்ஜ்வாட்டரில் இருந்தோம். படகு பழையது, இருபத்தாறு அடி. மூவர் படுக்கலாம், ஓர் அடுப்பு உண்டு. ஆசைப்பட்டு வாங்கவைத்தவள் நான்தான். தூத்துக்குடியில் கப்பல்களைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஆசை இருக்காதா?

அந்தக் கோடையில் கரையோரப் படகுத்துறைகள் எல்லாம் வெளியூர்ப் படகுகளுக்கு இரவுக் கட்டணத்தை ஏற்றியிருப்பதாகப் பேச்சு. கணவர் ஒரு நிபந்தனை போட்டார்: "மூணு ராத்திரிக்கு அறுபது டாலர். அதுக்கு மேல ஒரு டாலர் போனாலும் படகை வித்துடுவோம். ஓகேயா?" முந்தைய ஆண்டு படகின் நீளத்தை அளந்து ஓர் இரவுக்கு அடிக்கு அறுபது சென்ட்தான் வாங்கினார்கள். நான் தயங்காமல் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பி, அறுபத்தைந்து மைல் தெற்கே பார்னகாட் விரிகுடாவில் எங்கள் படகு நிற்கும் இடத்துக்கு ஏழரைக்குச் சேர்ந்தோம். அங்கிருந்து பீச் ஹேவன் சுமார் இருபத்தைந்து மைல். காற்று இல்லை, தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது. ஷீலா முன்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் சுக்கானைப் பிடித்தபடியே வாயைத் திறந்தார், நான் ஊட்டினேன். கரையில் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம்.

பீச் ஹேவன் துறையில் ஒரு பெண்மணி அளவுநாடாவோடு வந்தாள். பின்னால் நீச்சலுக்கு இறங்கும் பலகையையும் சேர்த்து அளந்து, இருபத்தெட்டு அடி என்றாள். அடிக்கு ஒரு டாலர், மின்சாரத்துக்கு மூன்று. பலகை படகாகாது என்று, பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் சீராக்கிய என் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு முப்பத்தொரு டாலர் வாங்கிக்கொண்டாள். மிச்சம் இருபத்தொன்பது.

"படகை விக்க விளம்பரம் எழுதிடலாமா?" என்றார் கணவர்.

"இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கு. பேசாம வாங்க" என்றேன்.

மறுநாள் அட்லாண்டிக் சிட்டி, இருபது மைல். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள், வழியில் ஆழம் குறைவு. சூதாட்ட விடுதிகளுக்கு வரும் பெரிய படகுகளால் அங்கே அடிக்கு ஒன்றே முக்கால். எங்களுக்கு நாற்பத்தொன்பது டாலர். கட்டினால் அந்த நிமிடமே படகு போயிற்று. பெட்ரோல் போடும் மேடையில் அரை மணி நேரம் நிற்க விட்டார்கள்.

மேடைக்கு எதிரே ஒரு தொலைபேசிக் கூண்டு. அந்தக் காலத்தில் புது ஊருக்குப் போனால் நம்மவர்கள் முதலில் டெலிபோன் டைரக்டரியைத்தான் புரட்டுவார்கள். ஒரு சுப்பிரமணியனோ ராமசாமியோ அகப்பட்டால் போதும், ராத்திரிச் சாப்பாடு நிச்சயம். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. முன்பின் தெரியாதவர் வாசலில் போய் நிற்பதா? ஆனால் அன்று பிரித்தேன். ஒரே ஒரு பெர்னாண்டோ இருந்தார்.

"மம்மி, ப்ளீஸ்! யூ கான்ட் ஜஸ்ட் கால் ஸ்ட்ரேஞ்சர்ஸ்!" என்றாள் ஷீலா.

"பெர்னாண்டோன்னா நம்ம ஊர்க்காரங்கடி. என்ன ஸ்ட்ரேஞ்சர்?" காசைப் போட்டேன். எதிர்முனையில் ஆண்குரல் கேட்டதும், "வணக்கம் சார், நாங்களும் தூத்துக்குடிதான். நீங்க எந்தச் சர்ச் பங்கு?" என்று கேட்டேன்.

அவர் ஆங்கிலத்தில், "அம்மா, நீங்க என்ன விக்கறீங்க?" என்றார்.

விசாரித்தால், அவர் போர்ச்சுகல்காரர்! காது மடல் வரை சூடேறிவிட்டது. மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன். அவர் விடவில்லை. தூத்துக்குடி எங்கே என்றார். உங்கள் நாட்டவர் நானூறு வருஷத்துக்கு முன் வந்து பெயர்களை விட்டுப்போன ஊர், தெருவுக்குப் பத்து பெர்னாண்டோ உண்டு என்றேன். மனிதர் சிரித்த சிரிப்பு கூண்டுக்கு வெளியே ஷீலாவுக்கே கேட்டது. விஷயத்தைச் சொன்னதும், "படகு எத்தனை அடி?" என்றார்.

"இருபத்தெட்டு. பலகையையும் சேர்த்து."

வென்ட்னரில் கால்வாயை ஒட்டி அவர் வீடு, பின்னால் சொந்தத் துறை. அவர் படகு பழுதுபார்க்கப் போயிருந்ததால் இடம் காலி, அங்கே வந்து கட்டிக்கொள்ளச் சொன்னார். மூன்று மைல். அவர் அடையாளம் சொன்ன பச்சை வெயில்மறைப்பைப் பார்த்துப் படகைத் திருப்பினோம். கணவனும் மனைவியும் கையாட்டிக்கொண்டு நின்றார்கள். சர்ச்சில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் அந்த அம்மா சாளை மீன் சுட்டார். நான் என் மிளகாய்த்தூளைத் தூவினேன். பெர்னாண்டோ கண்ணில் நீர் வழிய இன்னொன்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன் அவர்கள் போர்த்துக்கீசிய மொழியிலும் நாங்கள் தமிழிலும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னோம். சேர்ந்து ஆரம்பித்தோம், ஏறக்குறைய சேர்ந்தே முடித்தோம். ஒரு பைசாகூட வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஞாயிறன்று கேப் மே, கால்வாய் வழியே நாற்பது மைல். திறக்கும் பாலங்களுக்குக் காத்து நின்று சேர மாலை நாலாயிற்று. அடிக்கு ஒன்றரை டாலர், மொத்தம் நாற்பத்திரண்டு. கையில் இருபத்தொன்பதுதான். நான் தொலைபேசிக் கூண்டைத் தேடினேன்.

"ரெஜினா, எங்க போற? இங்க வா." கணவர் பர்ஸைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"அறுபதைத் தாண்டுதே. படகு?"

"தாண்டட்டும். அடுத்த ஆகஸ்ட்ல படகுலயே வர்றோம்னு அந்த மனுஷன்கிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் பணத்தை நீட்டினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளம்புமுன்பே ஒவ்வொரு துறைக்கும் போன் செய்து, நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பார்கள், மின்சாரம் தனியா என்று கேளுங்கள். வார இறுதியைத் தவிருங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கும் கூடுதலாகவே கேட்பார்கள். பலகையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். எத்தனை ராத்திரி தங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். எவ்வளவுக்கு மேல் போனால் விற்பது என்று மட்டும் பேசாதீர்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

மறு ஆண்டு கட்டணம் இன்னும் ஏறியது. வென்ட்னரில் இரண்டு இரவு தங்கினோம்.