பவர்க்காரரும் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் பவர்க்காரர். கண் சோதிப்பதும் அவரேதான். கனமான வட்டச் சட்டத்தை வந்தவரின் மூக்கில் ஏற்றி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டது நல்லா இருக்கா, இப்ப போட்டது நல்லா இருக்கா?" என்று கேட்பார். நாள் முழுக்க இதே கேள்விதான்.

பட்டென்று பதில் சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும். "இன்னொரு தடவை காட்டுங்க" என்று இழுக்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் மண்டையில் ஏறும். அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு தந்திரம் வைத்திருந்தார். வில்லையைக் கழற்றித் துடைப்பது போலத் துடைத்து, அதையே திரும்பப் போடுவார். "ஆ, இது எவ்வளவோ தேவலை" என்று வந்தவர் சொல்லிவிட்டால், மேற்கொண்டு பேச்சே கிடையாது. பழைய பவரையே எழுதிக் கொடுத்துவிடுவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி சிரிப்பை மறைக்க ஃப்ரேம் அடுக்குவது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அடுத்தவர் கண்ணுக்கு இத்தனை கறாராகத் தீர்ப்புச் சொல்கிற மனிதர், தன் வீட்டு ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கரை மாற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு வாரமாக அல்லாடினார்.

வினையைக் கிளப்பியது மனைவியின் தம்பி. இத்தனைக்கும் இருந்த ஸ்பீக்கர்கள் லேசுப்பட்டவை அல்ல. கடை கடையாக ஏறி இறங்கி, வீட்டில் எல்லாருடைய வாயிலும் விழுந்து வாங்கியவை. இடுப்பு உயர மரப்பெட்டிகள். கடையைச் சாத்திவிட்டு வந்து முகம் கழுவி, ஹாலில் தன் நாற்காலியில் சாய்ந்து பாட்டை வைத்தால், காலையிலிருந்து கேட்ட 'இன்னொரு தடவை காட்டுங்க' எல்லாம் கரைந்துவிடும். மனிதருக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். வந்திருந்த மைத்துனன் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு, "அத்தான், போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடற மாதிரி இல்ல?" என்றான். சொன்னவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவருக்குப் பாட்டு கேட்கவில்லை, போர்வைதான் கேட்டது.

ஸ்பீக்கர் கடைக்காரர் தேன் ஒழுகப் பேசுகிறவர். "வீட்ல வச்சே கேட்டுப் பாருங்க சார். ஒரு வாரம் கழிச்சு, சனிக்கிழமை ஆள் அனுப்பறேன். பிடிச்சா இருக்கட்டும், பிடிக்கலேன்னா எடுத்துக்கறோம்" என்று புது ஜோடி ஒன்றை அனுப்பிவைத்தார். தோள் உயரம், கன்னங்கரேல் என்று, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இரண்டும் ஹாலில் வந்து நின்றன. சுவரை ஒட்டி வைக்கக் கூடாதாம். அதனால் மகளின் படிக்கிற மேசை நடைவழிக்குப் போனது.

கணக்குத் தணிக்கைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகங்களை அணைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்ப்பா, அவங்க ரெண்டு பேரும் ஹால்ல நிப்பாங்க, நான் பாத்ரூம் வாசல்ல உட்கார்ந்து படிக்கணுமா?"

"ஒரு வாரம்தாம்மா."

"வாங்கிட்டீங்கன்னா?"

அவர் ஒயரில் என்னவோ சரி செய்வது போலக் குனிந்துகொண்டார்.

இரண்டு ஜோடியையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் பழையது, அந்தப் பக்கம் திருப்பினால் புதியது. முதல் நாள் புதியதில் குரல் பளிச்சென்று இருந்தது. மறுநாள் அதே பளிச்சு காதைக் கீறியது. அதற்கடுத்த நாள் பழையதுதான் பதமாக இருப்பதாகப் பட்டது, ஆனால் பதமா, மந்தமா என்ற சந்தேகம் வந்தது. நாற்காலியை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார். ஜன்னல் திரையைக் கழற்றினார். ஒரே பாட்டின் ஒரே துவக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டார்.

"அந்தப் பொண்ணு பல்லவியைத் தாண்டவே மாட்டாளா?" என்றார் மனைவி சமையலறையிலிருந்து. "எனக்கே தொண்டை கட்டிக்கும் போல இருக்கு."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சா சரி."

நாளைக்கு ஆள் வந்துவிடும் என்ற நிலையில் அவருடைய முகம் கடுகடுவென்று இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். மகள் நடைவழி விளக்கைப் போட்டதற்குக் கத்தினார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்றார்.

"கண்ணை மூடுங்க. நான் திருப்பறேன். எது நல்லா இருக்குன்னு நீங்க சொல்லுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்."

அவர் கண்ணை மூடினார். பாட்டு கொஞ்சம் ஓடியது. மனைவி நிறுத்தினார், இருமினார், குமிழ் திரும்பியது, மறுபடி அதே இடம் ஓடியது.

"ஆங்! இதுதான்!" நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார் அவர். "வயலின் தனியா நிக்குது பாரு. போர்வையை உருவின மாதிரி இருக்கு. இதுதானே புதுசு?"

"ரெண்டு தடவையும் பழசுதாங்க" என்றார் மனைவி. "இருமிக்கிட்டே திருப்பி, திரும்ப அங்கயே கொண்டுவந்துட்டேன்."

நடைவழியிலிருந்து மகளின் சிரிப்பு வெடித்தது.

அவருக்குச் சுள்ளென்று ஏறியது. "இது என்ன ஏமாத்து வேலை?"

"கடையில நீங்க பண்ணா வைத்தியம், நான் பண்ணா ஏமாத்தா?"

"அது வேற, இது வேற. அது கண்ணு. இன்னொரு தடவை வை. இப்ப பாரு."

இந்த முறை அவர் ஏமாறுவதாக இல்லை. கண்ணை இறுக மூடி, புருவத்தை நெரித்துக்கொண்டு கேட்டார். பாட்டு நின்றது, குமிழ் திரும்பியது, பாட்டு ஓடியது. அவர் உதட்டோரம் சிரித்தார்.

"மாத்தவே இல்ல நீ. ரெண்டும் ஒண்ணுதான். உன் தந்திரமெல்லாம் எனக்குத் தெரியும்."

கண்ணைத் திறந்தார். குமிழ் அந்தப் பக்கம், புதியதில் நின்றது.

மகள்கூடச் சிரிக்கவில்லை.

"நம்ம கடைக்கு வந்த ஒருத்தர் இப்படிச் சொன்னா என்ன எழுதுவீங்க?" என்று மனைவி மெதுவாகத்தான் கேட்டார்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தார். ஸ்பீக்கர் கடைக்காரர் உற்சாகமாகப் பேசினார். "அவசரப்படாதீங்க சார். புதுசுல்ல? காதுக்குப் பழகணும். இன்னும் ஒரு வாரம் வச்சிருங்க, தானா பழகிடும்."

'பழகிடும்' என்ற வார்த்தையைப் புதுக் கண்ணாடி போட்டுத் தலை சுற்றுகிறது என்று வந்தவர்களிடம் எத்தனையோ முறை சொல்லி அனுப்பியவர் அவர். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? "வேண்டாங்க. நாளைக்கு ஆளை அனுப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. தப்புச் செய்கிறோமோ என்று ஒரு பக்கம். வாங்கியிருந்தாலும் இதே அரிப்புதானே என்று இன்னொரு பக்கம். மறுநாள் கடையாட்கள் வந்து கறுப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, மாடிப்படி திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தார். மகள் யாரையும் கேட்காமல் மேசையை ஹாலுக்கு இழுத்துவந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் போன் செய்தான். "என்ன அத்தான், ஸ்பீக்கர் என்னாச்சு? முடிவு பண்ணிட்டீங்களா?"

"மாப்ளே, இனிமே நீ வீட்டுக்கு வந்தா, வந்தோமா, சாப்பிட்டோமான்னு இரு. பாட்டைப் பத்தி வாயைத் திறக்காத."

"நான் என்ன அத்தான் சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் சொல்றேன்."

மனைவி தம்பிக்குப் பரிந்து பேசவில்லை. வந்து பாட்டை வைத்தார். பல்லவி முடிந்து, அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு சரணம் ஆரம்பித்தது. மகள் காலால் தாளம் போட்டபடி எழுதிக்கொண்டிருந்தாள். பவர்க்காரர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல எழுந்து, இடது பக்கப் பெட்டியைச் சுவரிலிருந்து துளி நகர்த்தலாமா என்று கையை வைத்தார்.

"கையை எடுங்க" என்றார் மனைவி.

எடுத்தார்.