கேட்டதும் கெட்டதும்

தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. சுழியக்கா என்றாலே எவருக்கும் தெரியும். பெயர்ப்பலகைக் கடையின் மாடியில், சன்னலை ஒட்டிய மேசையில் இரண்டாண்டுகள் அமர்ந்து, தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் ஒரு புது அலங்கார எழுத்துருவாகக் கணினியில் வரைந்து முடித்தவர். பழைய பிஸ்கட் டப்பாக்களிலும் சோப்பு உறைகளிலும் காண்கிற பாங்கு அது: தண்டு தடித்து, வளைவு மெலிந்து, கொம்பின் நுனிதோறும் ஒரு கொடியிலை. அவர் வரைந்த ஐகாரத்தைக் கண்டவர் கண்ணை எளிதில் மீட்டதில்லை.

அவ்வெழுத்தின் அரங்கேற்றம் நாத்தனாரின் புதிய பேக்கரியில் அமைந்தது. பத்து மணிக்குத் திறப்பு. அச்சகக்காரரும் வருவதாக இருந்தார்; பலகை பிடித்துவிட்டால் எழுத்துரு முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்குப் பலகை ஏறியது. மேலே, 'மாவும் மணமும்'. கீழே, 'கேட்டதெல்லாம் கிடைக்கும்'.

பால் போட வந்தவர் நின்று உரக்கப் படித்தார்: "கெட்டதெல்லாம் கிடைக்கும்!" பிறகு தலையாட்டினார். "ரொம்ப நேர்மையான கடைம்மா."

நாத்தனார் வெளியே ஓடிவந்தார். "அண்ணி! திறக்கறதுக்கு முன்னாடியே என் கடைய மூடிட்டீங்களே!"

சுழியக்கா அண்ணாந்து பார்த்தார். ஏகாரக் கொம்பின் மேற்சுழி இலைக்குள் ஒளிந்திருந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த இலை ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டது. அணி என்பது பொருளை விளக்க வந்தது. மறைத்தால் அது வெறுஞ்சுமை. இதை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

நாத்தனாரின் குரல் தணிந்தது. "அச்சகக்காரரு வந்து பாத்துட்டுப் போகட்டும் அண்ணி, அப்புறம் மாத்திக்கலாம். தூரத்துல இருந்து பாத்தா அழகாத்தான் இருக்கு."

"தூரத்துல இருந்து படிக்கத்தானேடி பலகை?"

அவர் ஏணிமேல் நின்று இரண்டாம் வரியை உரித்துக்கொண்டிருந்தபோதே அச்சகக்காரர் வந்து சேர்ந்தார்.

"என்னம்மா, நல்லா இருக்கறத ஏன் உரிக்கிறீங்க?"

"பேரு, தலைப்பு, டப்பா மூடி, இதுக்கெல்லாம் இந்த எழுத்து பொருத்தம், சார். கீழ வர்ற வாசகத்துக்குச் சாதா எழுத்துதான் போடணும். இன்னொண்ணு, என் ஏகார, ஓகார நெடிலெல்லாம் இன்னும் குறிலாவே நிக்குது. இப்ப வாங்காதீங்க."

அச்சகக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். வாங்காதீங்கன்னு சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன். திருத்திக் கொண்டாங்க, காத்திருக்கேன்."

பத்து மணிக்குச் சாதாரண எழுத்தில் வாசகம் ஒட்டப்பட்டுக் கடை திறந்தது. முதல் ரொட்டிக்குக்கூட நில்லாமல் சுழியக்கா மாடி ஏறினார். ஏகார வரிசையில் பதினெட்டு, ஓகார வரிசையில் பதினெட்டு. முப்பத்தாறு கொம்புகளின் இலைகளையும் ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினார்.